பதினேழு தடவை தட்டிய கதவு

அத்தியாயம் 6

"புகார் எழுதினது யாருன்னு நாலு மணிக்குள்ள கண்டுபிடிங்க மேடம். இல்லேன்னா எங்களுக்கு வீடு போச்சு."

அந்தப் பெண் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைக் கொட்டிவிட்டாள். வயது இருபத்தைந்து இருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். மணி பத்தே கால்.

எங்களைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். மேடம் வீட்டு வசதி வாரியத்தில் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பிரிவில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவர். அரசுக் குடியிருப்பில் வீடு கேட்கிறவர்கள் அடிதடி ஆட்களா, பக்கத்து வீட்டாரோடு ஒத்துப்போவார்களா, பழைய வீட்டுக்காரர் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார், அதைச் சொல்கிற வீட்டுக்காரர் யோக்கியரா என்று சலித்து எடுப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. அதனால் ஊருக்கெல்லாம் அவர் 'சல்லடை மேடம்'. ஓய்வு பெற்றதும் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்துத் தனியாகத் துப்பறியத் தொடங்கினார். நான் உதவியாளன். முன்னாள் வீட்டு புரோக்கர். 'பஸ் ஸ்டாப் பக்கத்துலயே' என்று நான் காட்டிய வீடுகளுக்கு, அந்த பஸ் ஸ்டாப்பிலிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். என் வாய் மூடாது என்பதால் மேடம் எனக்கு வைத்த பெயர் ரேடியோ.

"முதல்ல தண்ணி குடி. அப்புறம் ஆரம்பத்துலேருந்து சொல்லு," என்றார் மேடம்.

அவள் குடிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். "ஏழு வருஷம் முன்னாடி அம்மா பேர்ல வீட்டுக்கு எழுதிப் போட்டோம். இந்த வருஷம்தான் எங்க முறை வந்துது. மூணாவது மாடி, ரெண்டு ரூம். போய்ப் பார்த்துட்டுக்கூட வந்தேன். இப்ப இப்படி ஒரு லெட்டர்."

மேடம் படித்துவிட்டு என்னிடம் தந்தார். விண்ணப்பதாரரின் நடத்தை குறித்துப் புகார் வந்திருக்கிறதாம். பாதுகாப்புச் சரிபார்ப்பில் தகுதி பெறவில்லையாம். பதினைந்து நாளுக்குள் புகார் பொய் என்று நிரூபிக்க வேண்டும், அல்லது புகார் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெற வேண்டும். தவறினால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். பத்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. பதினைந்தாவது நாள் இன்றுதான்.

"பதினாலு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தே, லெட்டருக்கு ஃப்ரேம் போட்டியா?" என்றேன்.

"நேத்துதான் சார் கையில கிடைச்சுது. அம்மா வீட்டுல தையல் வேலை செய்யறாங்க. மெஷினுக்குக் கீழ வெட்டுத் துணி மூட்டை இருக்கும். அதுக்குள்ள இருந்துது. கேட்டா, எங்கயோ வச்சு மறந்துட்டேன்னாங்க. அவமானமா இருந்திருக்கும், பாவம்."

"வீட்டுல யார் யாரு?" என்றார் மேடம்.

"நானும் அம்மாவும்தான். அப்பா நான் ஸ்கூல் படிக்கறப்பவே போயிட்டார். ஒரு அண்ணன் இருந்தான். நாலு வருஷம் முன்னாடி அம்மாகூட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போயிட்டான். நான் அப்ப வெளியூர்ல ஹாஸ்டல்ல இருந்தேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு தகவல் இல்ல." அவள் குரல் இறங்கியது. "இப்ப இருக்கற வீடு வேணாம் மேடம். போன மழையில சீலிங் பேந்து நேரா என் தலையணை மேல விழுந்துது. அன்னிக்கு எனக்கு டியூட்டி. இல்லேன்னா இன்னிக்கு உங்க முன்னாடி உட்கார்ந்திருக்க மாட்டேன்."

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கேஸை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

வாரியத்துக்குப் போகிற பஸ்ஸில் நான் கேஸை முடித்துவிட்டேன்.

"வீட்டுக்காரன்தான் மேடம். என் தொழில் அனுபவம் பேசுது. மோசமான குடித்தனக்காரனை 'தங்கம் சார்'னு சொல்லி அடுத்தவன் தலையில கட்டிடுவான். உண்மையிலேயே தங்கமா இருந்தா 'தகரம்'னு சொல்லி யாரும் கொத்திட்டுப் போகாம பார்த்துப்பான். இந்தம்மா ஒழுங்கா இருந்திருக்காங்க. விட மனசு வரலை. அவ்வளவுதான்."

"உன் கையால எத்தனை தகரத்தைத் தங்கமாக்கியிருக்கே?"

"அது எதுக்கு இப்ப?"

சரிபார்ப்புப் பிரிவின் இன்றைய அதிகாரி ஒரு காலத்தில் மேடத்திடம் எழுத்தராக இருந்தவர். தலையில் முடி போனாலும் பழக்கம் போகவில்லை. மேடத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு தான்தான் அதிகாரி என்பது நினைவு வந்து உட்கார்ந்தார்.

"புகாரைக் காட்டலாம் மேடம். எழுதினவங்க பேரை மட்டும் கேட்காதீங்க. சீல் போட்ட கவர்ல பெட்டகத்துல இருக்கு. கோர்ட்டு சொன்னாத்தான் திறப்போம். அந்த விதியைப் போட்டதே நீங்கதான்."

"நினைவிருக்கு. பேரு வெளிய தெரிஞ்சா அடி விழும்னு பயந்து எத்தனையோ பேர் வாயைத் திறக்காம இருந்தாங்க. அவங்களுக்காகப் போட்டது."

"வீட்டுக்காரர் என்ன எழுதியிருக்கார்?" என்று நான் இடையில் புகுந்தேன்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கார். 'தங்கமான மனுஷி'ன்னு போட்டிருக்கார்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

புகார் ஒற்றைத் தாள்தான். எழுத்து மெனக்கெட்டுச் சதுரம் சதுரமாக இருந்தது. தன் கையெழுத்து தெரியக் கூடாது என்று நினைக்கிற எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

'இந்தப் பெண் கோபக்காரி. கோபம் வந்தால் என்ன பேசுகிறோம் என்று இவளுக்குத் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் பெற்ற மகனை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டாள். அவன் பதினேழு தடவை தட்டினான். இவள் திறக்கவில்லை. அன்றிலிருந்து இரவிலும் இந்த வீட்டுக் கதவுக்குத் தாழ் போடுவதில்லை. வெறுமனே சாத்தி வைக்கிறாள். இது கட்டிடத்தில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. இப்படிப்பட்டவளுக்கு அரசாங்கம் வீடு கொடுக்கக் கூடாது.'

"கேஸ் முடிஞ்சுது!" என்றேன். "தட்டினவன்தானே எத்தனை தடவைன்னு சொல்ல முடியும்? மகன்தான். பழி வாங்கறான்."

மேடம் தாளை இரண்டாம் முறை படித்தார். பிறகு அதிகாரியிடம், "மகன் வேற எங்கயாவது வாரிய வீட்டுக்கு எழுதிப் போட்டிருக்காரா? பழைய முகவரிச் சீட்டு வந்திருக்கும், பாரு," என்றார்.

அது இவர்கள் வேலை செய்கிற முறை. எந்த ஊரில் யார் வீடு கேட்டாலும் கடந்த பத்து வருடத்தில் இருந்த முகவரிகளையெல்லாம் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு முகவரிக்கும், குடும்ப விவரம் முதல் ஒதுக்கிய வீடு வரை எழுதிய ஒரு சீட்டு அந்தந்த ஊர் அலுவலகத்துக்கு வந்து சேரும். யாரும் படிக்காத சீட்டு. பத்து நிமிடம் பழைய பெட்டிகளில் மூச்சடைக்கத் தேடி, தும்மிக்கொண்டே ஒன்றைக் கொண்டு வந்தார் அதிகாரி.

மேடம் அதை வாங்கிப் படித்தார். முகம் மாறியது. என்னிடம் நீட்டாமல் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். மூன்று வருடமாகக் கூட இருக்கிறேன், அவர் என்னிடம் காட்டாத காகிதம் அதுதான் முதல்.

"மகன் எழுதலை," என்றார் வெளியே வந்ததும்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அவர் இருக்கறது ராத்திரி முழுக்க ரயில்ல போற தூரம். இந்தப் புகார் தபால்ல வரலை. இங்க வாசல்ல இருக்கற பெட்டியில கையால போட்டிருக்காங்க. தபால் முத்திரை இல்ல, மடிப்புகூட இல்ல."

"அப்போ ஆளு உயிரோட இருக்கானா? அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா எவ்வளவு சந்தோஷப்படும்!"

"வாயை மூடிட்டு வா, ரேடியோ."

அவர் அப்படி அதட்டுவது புதிதில்லை. குரல் கம்மியிருந்ததுதான் புதிது.

அந்த வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. கீழே மூன்று போர்ஷன், மேலே வீட்டுக்காரர். பழைய கட்டிடம். சுவரில் ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. நான் புரோக்கராக இருந்தபோது இதை 'கோடையில் குளுகுளுவென்று இருக்கும்' என்று விற்றிருப்பேன்.

வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாரியம் என்று சொன்னதும் பொங்கிவிட்டார்.

"எனக்கும் ஒரு ஃபாரம் அனுப்பியிருக்காங்கம்மா! போறவங்களைப் பத்திக் கேளுங்க, சரி. என்னைப் பத்தி எதுக்கு? 'கடந்த ஐந்து வருடத்தில் யாரையாவது மிரட்டியதுண்டா?' பொண்டாட்டியைக் கேட்டுத்தான் சொல்லணும்னு எழுதிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?" என்றேன்.

"சிரிக்கறா. இன்னும் நிறுத்தலை."

மேடம் விஷயத்துக்கு வந்தார். "நாலு வருஷம் முன்னாடி தையல்காரம்மா பையன் வீட்டை விட்டுப் போன அன்னிக்கு நீங்க இங்க இருந்தீங்களா?"

"இல்லையே. பெரிய பொண்ணு பிரசவத்துக்கு ரெண்டு பேரும் போயிருந்தோம். வந்தப்புறம்தான் தெரியும். அந்தம்மா ஒண்ணும் சொல்லலை. நாங்களும் கிளறலை."

"மத்த ரெண்டு போர்ஷன்காரங்க?"

"அவங்க வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. அதுக்கு முன்னாடி ரெண்டும் பல வருஷம் பூட்டித்தான் கிடந்துது."

"தையல்காரம்மா ராத்திரியில கதவை ஒழுங்காத் தாழ் போடுவாங்களா? கட்டிடத்துப் பாதுகாப்புக்காகக் கேட்கறேன்."

"அதெல்லாம் கரெக்டா இருப்பாங்க. ஒன்பது மணிக்குக் கதவு சாத்தற சத்தம் மேல வரைக்கும் கேட்கும்."

மேடம் அவருக்கு நன்றி சொன்னார். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. அன்று தட்டியதைக் கேட்க இந்தக் கட்டிடத்தில் ஆளே இல்லை. கதவுக்குத் தாழ் போடுவதில்லை என்பது தலைக்கு மேலே குடியிருக்கிறவருக்கே தெரியாது. அப்படியானால் புகார் எழுதியது வெளியாள் இல்லை. உள்ளே இருப்பது இரண்டு பேர். ஒருத்தி எங்களைத் தேடி வந்தவள்.

"மேடம்..." என்றேன்.

"ம். எனக்கு அந்தத் தாளைப் படிச்சப்பவே தெரியும். ஆனா தெரியறதும் வந்து கேட்கறதும் ஒண்ணு இல்ல."

கதவு சாத்தியிருந்தது. மேடம் ஒரு விரலால் தள்ளினார். திறந்துகொண்டது.

ஒரே அறை. இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் அடுப்பு. கட்டிலுக்கு மேலே மேற்கூரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. நடுவில் தையல் மெஷினில் ஒரு அம்மா பள்ளிச் சீருடைக்குக் கை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. வீடு காட்டியே வயிறு வளர்த்த எனக்கு ஒன்று சட்டென்று கண்ணில் பட்டது. அந்த அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். எந்தத் தையல்காரியும் வெளிச்சம் கைமேல் விழுகிற மாதிரி மெஷினைப் போடுவாள். இந்த அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தைக்கிற துணி முழுவதும் அவருடைய நிழலே விழுந்திருந்தது.

"உட்காருங்க. பொண்ணு அனுப்பினாளா?" என்றார் அவர்.

மேடம் உடனே உட்காரவில்லை. கதவின் தாழ்ப்பாளைப் பிடித்து நகர்த்திப் பார்த்தார். துருவேறி இறுகிப் போயிருந்தது. அசையவே இல்லை.

"வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கே. ஊசி தெரியுதா?" என்று கேட்டார்.

"பழகிடுச்சும்மா."

அவருடைய விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. மேடம் வெட்டுத் துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"உங்க மேல புகார் எழுதினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் மேடம்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "யாராம்?"

"என் உதவியாளருக்கு உங்க மகன் மேல சந்தேகம். பதினேழு தடவைன்னு கணக்கா எழுதியிருக்குன்னு சொல்றார். ஆனா தட்டறவன் எண்ண மாட்டான். மழையில நனைஞ்சுக்கிட்டு, கை வலிக்க வலிக்கத் தட்டறவனுக்கு எத்தனைன்னு எப்படித் தெரியும்? தெருவுல போறவனும் நின்னு எண்ண மாட்டான். அதை எண்ணக்கூடியது ஒரே ஒரு ஆளு. கதவுக்கு இந்தப் பக்கம், தாழ்ப்பாள் மேல கை வச்சுக்கிட்டு நின்ன ஆளு."

மெஷின் நின்றது.

அந்த அம்மா தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெதுவாக மடித்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடி மடித்தார். நான் எவ்வளவோ வீட்டில் எவ்வளவோ சண்டை பார்த்தவன். அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை.

"மூணாவது வேலையையும் விட்டுட்டு வந்தான்," என்றார். "எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். செத்தாலும் இந்தப் படி ஏறாதேன்னு சொல்லித் தள்ளிட்டுத் தாழ் போட்டுட்டேன். நல்ல மழை. அம்மா, அம்மான்னு தட்டினான். உடனே திறந்தா புத்தி வராதுன்னு நினைச்சேன். இருபது தட்டு தட்டட்டும், திறந்துடலாம்னு இருந்தேன். கை தாழ்ப்பாள் மேலதான் இருந்துது. எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினேழோட நின்னுடுச்சு."

மேடம் மூட்டைமேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னும் மூணுதான். தட்டுவான், கை வலிக்குது போலன்னு காத்திருந்தேன். அப்புறம் திறந்து பார்த்தா ஆளு இல்ல. தெரு முழுக்கத் தண்ணி. செருப்புகூடப் போடாம ஓடினேன். எந்தப் பக்கம் போனான்னே தெரியலை."

"பொண்ணுகிட்ட சொல்லலையா?"

"தானாப் போயிட்டான்னு சொல்லிட்டேன். ஊருக்கும் அதையேதான் சொன்னேன். நாலு வருஷமா அதையேதான் சொல்றேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. "வாரியத்துலேருந்து ஃபாரம் வந்துது. இந்த ஆள்கூட மத்தவங்க பயமில்லாம இருக்கலாமான்னு ஒரு கேள்வி. அதைப் படிச்சதும் யாராவது உண்மையை எழுதணுமேன்னு தோணிச்சு. எழுத வேற யாரு இருக்கா? பெத்த பிள்ளையைத் தெருவுல விட்டவளுக்கு மூணாவது மாடியில வீடு எதுக்கு? அவன் திரும்பி வந்தா இந்தக் கதவுக்குத்தானே வருவான். வேற எந்தக் கதவு அவனுக்குத் தெரியும்?"

 நான் சாய்ந்து நின்ற கதவிலிருந்து முதுகை எடுத்தேன்.

மேடம் தன் நோட்டைத் திறந்தார். திறந்துவிட்டு மூடினார். முப்பத்தோரு வருடம் அடுத்தவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதியவர், அரைப் பக்கத்தைப் படிக்கத் தயங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"அம்மா, உங்க மகன் உயிரோட இருக்கார்."

அந்த அம்மா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எங்க?"

"வேற ஊர். வெல்டிங் வேலை. எட்டு மாசம் முன்னாடி அங்க வாரிய வீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கார். பழைய முகவரின்னு இந்த வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கார். எனக்குக் கிடைச்சது அந்தச் சீட்டுதான். முகவரியை நான் தர முடியாது. யாருக்கும் தெரிவிக்க வேண்டாம்னு அவர் எழுதிக் கொடுத்திருக்கார்."

"வீடு கிடைச்சுதா அவனுக்கு?"

"கிடைச்சிருக்கு. சின்ன ஊர், அங்க காத்திருக்கறவங்க கம்மி. ரெண்டாவது மாடி. புதுக் கட்டிடம்."

"அப்ப மழை உள்ள வராது."

"வராதும்மா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அந்த ஃபாரத்தை நானும் நிரப்பியிருக்கேன். அம்மா பேருன்னு ஒரு இடம் வரும். என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்ல வாயைத் திறந்தேன். பொய் எனக்குக் கைவந்த கலை. இடிந்த சுவரை 'காற்றோட்டம்' என்று சொன்னவனுக்கு இதுவா கஷ்டம்? மேடம் கையைக் காட்டி என்னைத் தடுத்தார்.

"இல்லைன்னு எழுதியிருக்கார். அம்மா, அப்பா, கூடப் பிறந்தவங்க, எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் எழுதியிருக்கார்."

தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். 

"இல்லைன்னா எழுதியிருக்கான்?" என்றார் அந்த அம்மா. அழுகிறாரா என்று பார்த்தேன். இல்லை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். "அடையாளம் தெரியாத ஆளுன்னு பேப்பர்ல எந்த ஆஸ்பத்திரி பேர் வந்தாலும் போயிடுவேன். பொண்ணு வேலைக்குக் கிளம்பினதும் போவேன். துணியை விலக்கிக் காட்டுவாங்க. ஒவ்வொரு தடவையும், அவனா இருக்கக் கூடாதுன்னு கும்பிட்டுக்கிட்டேதான் பார்ப்பேன். பதினோரு பேரைப் பார்த்துட்டேன். அம்மா இல்லைன்னு எழுதணும்னாலும் உயிரோட இருந்தாத்தானே எழுத முடியும்? இருக்கான். எழுதட்டும். எனக்கு அது போதும்."

அதைக் கேட்டு மேடம் தலையைக் குனிந்துகொண்டார். நான் வெளியே போய் நின்றேன். சந்தில் ஒரு பூனைகூட இல்லை, நல்லவேளை.

திரும்பி வந்தபோது மேடம் அவரை உட்கார வைத்திருந்தார்.

"எனக்கு இங்கேருந்து போக மனசு வரலையேம்மா," என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் ஒரு நாள் மனசு மாறி வந்தா?"

"வந்தா மேல வீட்டுக்காரர் இருக்கார், சொல்லுவார். நீங்க இப்ப மேல பாருங்க." மேடம் மேற்கூரையைக் காட்டினார். "அதுக்குக் கீழதான் உங்க பொண்ணு தினமும் படுக்கறா. ஒரு பிள்ளையை வெளிய நிறுத்தினதுக்கு இன்னொரு பிள்ளைக்கு எதுக்கும்மா தண்டனை?"

அந்த அம்மா மகளின் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்கால்.

பிறகு அவர் எழுந்து, நூல்கண்டு டப்பாவின் அடியிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்தார். புகாரைப் பெட்டியில் போடும்போது கிழித்து வைத்துக்கொள்கிற ஒப்புகைச் சீட்டு. பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும்.

"இதை என்ன பண்ணணும்?"

"பின்னாடி 'திரும்பப் பெறுகிறேன்'னு ஒரு வரி எழுதுங்க. கையெழுத்து வேண்டாம், எண் இருக்கு, அது போதும். பெட்டியில போட்டா முடிஞ்சுது. கவரை யாரும் திறக்க மாட்டாங்க. உங்க பொண்ணுக்கும் தெரியாது, வாரியத்துக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே."

"நான் ஓய்வு பெற்றாச்சும்மா," என்றார் மேடம்.

அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரியத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று நாற்பது. சீட்டை நானே பெட்டியில் போட்டேன். அந்த அம்மா நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அதிகாரி பெட்டியைத் திறந்து எண்ணைச் சரிபார்த்து, 'புகார் திரும்பப் பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார். மேடத்தின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டார். அந்த ஒரு விஷயத்துக்காக அவருக்கு இன்னொரு பதவி உயர்வு தரலாம்.

நான் போன் பண்ணி வரச் சொன்ன மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு மேடம் எழுதினது?"

"சொல்லக் கூடாதும்மா. விதி."

"பேரை மட்டும் சொல்லுங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். நாலு வார்த்தை கேட்கணும். அவ்வளவுதான். அவங்களுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணினோம்? ஏழு வருஷம் காத்துக்கிட்டிருந்தோம். எங்கம்மா மாதிரி ஒரு ஆளைப் பத்தி எழுத எப்படிக் கை வந்துது? எங்க வயித்தெரிச்சல் சும்மா விடாது. அவங்க நல்லாவே இருக்க மாட்டாங்க, பாருங்க."

"விடுடி," என்றார் அம்மா, பெஞ்சிலிருந்து.

"எப்படிம்மா விடறது? உன்னை இப்படி அழ வச்சவங்க நல்லா இருக்கலாமா?"

"அவ நாலு வருஷமாவே நல்லா இல்லடி."

மகள் அடுத்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பதாகப் பாவனை செய்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் தானாப் போகலையா?"

அம்மா இல்லை என்று தலையசைத்தார்.

மகள் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அதிகாரி, வீட்டுக்கான தாளில் விண்ணப்பதாரர் நாலு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று குரல் கொடுத்தார். அவள் எழுந்து போனாள். தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, தன் கைப்பையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பேனாவின் மூடியைக் கழற்றி அம்மாவின் விரல்களுக்குள் வைத்தாள்.

"கையெழுத்துப் போடும்மா," என்றாள். "வீட்டுக்குப் போய் அழுதுக்கலாம்."